சர்வர் அப்கிரேடுக்குப் பின் மிரர் உடைந்து கிடந்தால்: விண்டோஸ் சர்வரில் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

அப்கிரேடு முடிந்துவிட்டது. லாகின் திரை வருகிறது, ஷேர் ஃபோல்டர்கள் திறக்கின்றன, அலுவலகத்தில் யாரும் குறை சொல்லவில்லை. ஒரே தரவை இரண்டு டிஸ்கில் ஒருசேர எழுதிவைக்கும் மிரர் வால்யூமின் வம்பே இதுதான். இரண்டு பிரதிகளில் ஒன்று செத்துக் கிடந்தாலும் மற்றதை வைத்துக்கொண்டு சர்வர் சத்தமில்லாமல் ஓடும். ஏதோ ஒரு வேலைக்காக டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்கும் நாளில்தான் மஞ்சள் முக்கோணமும் ‘ஃபெயில்டு ரிடண்டன்சி’ என்ற வரியும் கண்ணில் படும்.

அந்த நேரத்தில் கை தானாக ‘ரீஆக்டிவேட்’ பக்கம் போகும். போக வேண்டாம். அது தொடங்கிவைக்கும் ரீசிங்க் என்பது ஒரு டிஸ்கில் இருப்பதை இன்னொன்றின் மேல் எழுதுவது. எழுதிய பின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. எந்தப் பிரதி புதியது, எது பழையது என்று தெரியாமல் தொடங்கினால், பழைய தரவு புதியதை விழுங்கிவிடும். இந்த வழிகாட்டியில் பாதி இடம் அதைக் கண்டுபிடிப்பதற்கே போகிறது. கட்டளைகள் பிறகு நாலு வரிதான்.

இங்கே பேசுவது விண்டோஸே நடத்தும் மென்பொருள் மிரர் பற்றி, அதாவது டைனமிக் டிஸ்க் மிரர் பற்றி. விண்டோஸ் 2000-இல் வந்த ஏற்பாடு இது. சர்வர் 2012 காலத்திலேயே, இயங்குதளம் இருக்கும் பூட் வால்யூமை மிரர் செய்வது தவிர மற்றவற்றுக்கு இனி வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிவிட்டது. ஆனாலும் 2012 ஆர்2-இலிருந்து 2019-க்கோ, 2016-இலிருந்து 2022-க்கோ ஏற்றப்படும் பழைய சர்வர்களில் இது இன்னும் ஏராளமாக இருக்கிறது. தனி ரெய்டு கார்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் வன்பொருள்) இருக்கும் சர்வரில் விண்டோஸுக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும். அங்கே மிரர் உடைந்தால் கார்டின் மென்பொருளில்தான் பார்க்க வேண்டும், இந்தப் படிகள் பொருந்தா.

கட்டளைகளை ஒலிப்பில் தமிழில் கொடுத்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.

எதையும் மாற்றாமல் பார்ப்பது

முதல் வேலை, இப்போது உயிரோடு இருக்கும் வால்யூமை வெளி டிஸ்குக்கு பேக்கப் எடுப்பது. மிரர் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவைத்திருந்தால், இன்றைய நிலையில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. ரீசிங்க் ஓடும்போது அந்த ஒற்றை டிஸ்க் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை படிக்கப்படும். வயதான டிஸ்கின் மறைந்திருக்கும் கெட்ட செக்டர்கள் வெளிவருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

அடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ தட்டவும். ‘லிஸ்ட் டிஸ்க்’, ‘லிஸ்ட் வால்யூம்’ இரண்டையும் ஓட்டி, வருவதை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளவும். டிஸ்க் பட்டியலில் ‘டைன்’ என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் அது டைனமிக் டிஸ்க். ‘ஜிபிடி’ பத்தியில் குறி இல்லையென்றால் எம்பிஆர் (இரண்டும் டிஸ்கின் பார்ட்டிஷன்களைப் பதிந்துவைக்கும் முறைகள்). காணாமல் போன டிஸ்க் ‘எம்0’ என்ற பெயரில் ‘மிஸ்ஸிங்’ என்று நிற்கும். வால்யூம் பட்டியலில் உடைந்த மிரருக்கு எதிரே ‘ஃபெயில்டு ஆர்டி’ என்று சுருக்கமாக இருக்கும். பிறகு ஒவ்வொரு மிரர் வால்யூமுக்கும் ‘செலக்ட் வால்யூம் 2’ என்று எண் கொடுத்து ‘டீடெயில் வால்யூம்’ தட்டினால், அது எந்தெந்த டிஸ்கில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை நம்ப வேண்டாம். அவை டிஸ்கின் பெயரல்ல. கன்ட்ரோலர் டிரைவர் எந்த வரிசையில் கண்டதோ அந்த வரிசை. அப்கிரேடில் டிரைவர் மாறினால் இரண்டும் இடம் மாறிவிடும். பவர்ஷெல்லில் ‘கெட்-டிஸ்க்’ ஓட்டி, எண்ணோடு சீரியல் நம்பரையும் எடுக்கவும். சர்வரை அணைத்த ஒரு சமயத்தில் டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியலோடு ஒப்பிட்டு, ட்ரேயின் முகப்பில் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டிவிடுங்கள். நல்ல டிஸ்கைக் கழற்றிவிட்டுக் கெட்டதை உள்ளே விட்டுவைக்கும் விபத்துக்கு இந்தச் சின்னச் சீட்டுதான் மருந்து.

மூன்றாவது, ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக். அப்கிரேடு நடந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் வரை பாருங்கள். பழையதன் மேலேயே புதிய விண்டோஸை நிறுவும் இன்பிளேஸ் அப்கிரேடில் பழைய லாக் சுத்தமாகிவிட்டிருந்தால் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டருக்குள் தேடலாம். தேட வேண்டிய எண்கள் இவை: 7 என்றால் கெட்ட பிளாக், 11 என்றால் கன்ட்ரோலர் பிழை, பெரும்பாலும் கேபிள் அல்லது பேக்பிளேன் (டிஸ்குகள் செருகப்படும் பலகை), 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் டிரைவர் ரீசெட் அனுப்பியிருக்கிறது, 153 என்றால் ஒரு படிப்போ எழுத்தோ மறுபடி முயலப்பட்டது, 55 என்றால் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பே சிதைந்திருக்கிறது. 7-உம் 153-உம் அப்கிரேடுக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தால் பழி அப்கிரேடின் மேல் இல்லை. டிஸ்க் ஏற்கெனவே நோயாளி. அத்தனை ரீபூட்டும் எழுத்துவேலையும் அதைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தப் பிரதி புதியது?

ஓடிக்கொண்டிருக்கும் வால்யூமில் நேற்று ஊழியர்கள் சேமித்த கோப்பு இருக்கிறதா? கணக்கு மென்பொருளின் கடைசி ரசீது எண் சரியா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் இப்போது உயிரோடிருப்பதே புதிய பிரதி. விலகி நிற்பது எதுவானாலும் பழையது. ரீசிங்க் சரியான திசையில்தான் போகும்.

ஒன்றுக்காவது ‘இல்லை’ என்பது பதிலானால் அங்கேயே நிறுத்துங்கள். இப்படி ஆவது எப்படி என்றால்: மூன்று மாதத்துக்கு முன் ஒரு டிஸ்க் மிரரிலிருந்து விலகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்கிரேடோடு சேர்த்து பயாஸையும் புதுப்பித்திருப்பார்கள். பூட் வரிசை மாறி, அந்த மூன்று மாதப் பழைய டிஸ்கிலிருந்து சர்வர் எழும்பியிருக்கும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், மூன்று மாத வேலை மட்டும் காணாது. இந்த நிலையில் சர்வரை அணைத்து, இப்போது ஓடிய டிஸ்கைக் கழற்றி வைத்து, மற்றதை முதலில் செக்டர் செக்டராகப் படியெடுத்துவிட்டு, அதன் பிறகே அதிலிருந்து பூட் செய்து பார்க்க வேண்டும். இரண்டு டிஸ்கும் தனித்தனியாக ஓடியிருந்தால் ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிடும். டைனமிக் டிஸ்க் ஒவ்வொன்றின் கடைசியிலும் 1 எம்பி அளவில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது (ஜிபிடி டிஸ்கில் அதற்கென்று தனிப் பார்ட்டிஷன்). சர்வரின் டைனமிக் டிஸ்குகள் சேர்ந்த குழுவில் எந்தெந்த டிஸ்க், எந்த வால்யூம் எங்கே என்பதெல்லாம் அதில்தான். இரண்டு டிஸ்கின் தரவுத்தளமும் ஒத்துப்போகாவிட்டால் விண்டோஸ் ஒன்றை ‘ஃபாரின்’ என்று ஒதுக்கி வைக்கும்.

திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கேற்ப

‘ஆஃப்லைன்’: அப்கிரேடுக்குப் பின் அதிகம் வருவது இதுதான், அதிகம் பயமுறுத்துவதும் இதுதான், ஆனால் மிக எளிதில் தீர்வதும் இதுதான். விண்டோஸ் சர்வரில் சான் பாலிசி என்று ஒன்று உண்டு. அது ‘ஆஃப்லைன் ஷேர்டு’ என்றிருந்தால், சாஸ், ஐஸ்கசி, ஃபைபர் சேனல் போன்ற பொதுவழியில் புதிதாகக் காணும் டிஸ்கை ஆஃப்லைனில் விட்டுவிடும். டிரைவர் மாறியதும் பழைய டிஸ்கே அதற்குப் புதிதாகத் தெரிகிறது. டிஸ்க்பார்டில் ‘சான்’ என்று மட்டும் தட்டினால் இப்போதைய பாலிசி தெரியும். ‘செலக்ட் டிஸ்க் 1’, ‘ஆன்லைன் டிஸ்க்’, ‘ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி’ என்று மூன்று வரியில் டிஸ்க் திரும்பிவிடும். கடைசி வரியை மறந்தால் டிஸ்க் ஆன்லைன் என்று காட்டும், ஆனால் எழுத முடியாது, ரீசிங்கும் தொடங்காது. வேறு எந்தச் சர்வரோடும் பகிராத டிஸ்குகள்தான் என்பது உறுதியானால் ‘சான் பாலிசி=ஆன்லைன்ஆல்’ போட்டுவிடலாம். பல சர்வர்கள் ஒரே டிஸ்கைப் பகிரும் கிளஸ்டரில் அதைச் செய்யவே கூடாது; இரண்டு சர்வர் ஒரே டிஸ்கில் எழுதத் தொடங்கிவிடும்.

‘சிக்னேச்சர் கொலிஷன்’ (இரண்டு டிஸ்குக்கு ஒரே அடையாள எண்) என்ற காரணத்தோடு ஆஃப்லைன்: இது மேலே சொன்னதைப் போலத் தோன்றும், ஆனால் முற்றிலும் வேறு. மதர்போர்டின் பயாஸ் ரெய்டில் மிரர் செய்திருந்து, பயாஸ் புதுப்பிப்பில் சாட்டா அமைப்பு ரெய்டிலிருந்து, டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏஎச்சிஐ-க்கு மாறிவிட்டால், ஒரே டிஸ்காகத் தெரிந்தவை இரண்டாகப் பிரிந்து, ஒரே சிக்னேச்சரோடு நிற்கும். விண்டோஸ் ஒன்றை அனுமதித்து மற்றதை ஆஃப்லைனில் வைக்கும். இங்கே ‘ஆன்லைன்’ அழுத்தினால் அந்த டிஸ்குக்குப் புதிய சிக்னேச்சர் எழுதப்படும், பிறகு அதிலிருந்து பூட் ஆகாமல் போகலாம். அழுத்தாமல் அணைத்து, பயாஸில் பழையபடி ரெய்டு என்று மாற்றுங்கள். ஏஎச்சிஐ-இல் ஒரு டிஸ்க் மட்டும் சில நாள் ஓடியிருந்தால் இரண்டும் இனி ஒன்றல்ல; பயாஸ் ரெய்டு அதை அறியாமல் ‘எல்லாம் நலம்’ என்றே காட்டக்கூடும். அப்போது ஓடிய டிஸ்கை மட்டும் மூலமாக வைத்து மிரரை மறுபடி கட்ட வேண்டும்.

‘ஃபாரின்’: வலது கிளிக்கில் ‘இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்’ அல்லது டிஸ்க்பார்டில் டிஸ்கைத் தேர்ந்து ‘இம்போர்ட்’. ஒரே குழுவைச் சேர்ந்த ஃபாரின் டிஸ்குகள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஒரே தடவையில் இம்போர்ட் செய்யவும். முன்னோட்டத் திரையில் ‘டேட்டா நாட் ரிடண்டன்ட்’ என்று வந்தால் மிரரின் ஒரு டிஸ்க் இன்னும் வெளியே நிற்கிறது. ‘ஸ்டேல் டேட்டா’ என்றால் பிரதி பழையது. ‘டேட்டா இன்கம்ப்ளீட்’ என்றால் பல டிஸ்கில் பரந்த வால்யூமின் ஒரு துண்டு காணவில்லை. இந்தக் கடைசி நிலையில் இம்போர்ட் செய்தால் அந்த வால்யூம் கெட்டுவிடும்; ‘கேன்சல்’ கொடுத்து விடுபட்ட டிஸ்கைத் தேடுங்கள்.

‘ஆன்லைன் (எர்ரர்ஸ்)’ அல்லது ‘அட் ரிஸ்க்’: டிஸ்கில் படிப்புப் பிழை வந்திருக்கிறது. ‘ரீஆக்டிவேட் டிஸ்க்’ கொடுத்தால் சிலசமயம் நல்ல நிலைக்குத் திரும்பும். லாகில் 11 அல்லது 129 மட்டும் இருந்தால் கேபிளை மாற்றி, வேறு போர்டில் செருகிவிட்டு ஒரு தடவை முயலலாம். 7 இருந்தால் முயல வேண்டாம், டிஸ்கை மாற்றிவிடுங்கள். பிழை வரும் டிஸ்கை மறுபடி மறுபடி ரீஆக்டிவேட் செய்துகொண்டிருப்பது காய்ச்சல்காரனுக்கு வெறும் விசிறி வீசுவதைப் போல.

‘ரீசிங்கிங்’: எதுவும் செய்யாதீர்கள். அப்கிரேடு நடுவே சர்வர் பலமுறை ரீபூட் ஆகும், அதில் ஏதாவது ஒன்று ஒழுங்காக முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே முழு ரீசிங்க் தொடங்கும். வால்யூம் பாதி காலியாக இருந்தாலும் முழு அளவும் நகலாகும். 1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் என்றால் கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம். 4 டிபி, 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரம். பகலில் ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இதன் இரண்டு மடங்கும் ஆகலாம். ‘சிக்கிவிட்டது’ என்று நினைத்து நடுவில் ரீபூட் செய்கிறவர்கள்தான் மூன்று நாளாக ரீசிங்க் ஓடுகிறது என்று புலம்புகிறவர்கள்.

அதே டிஸ்க் திரும்பிவிட்டால்

டிஸ்க்பார்டில் ‘ரீஸ்கேன்’. டிஸ்க் ஆன்லைனுக்கு வந்தும் வால்யூம் ‘ஃபெயில்டு ஆர்டி’ என்றே நின்றால், அந்த டிஸ்கைத் தேர்ந்து ‘ரெகவர்’ தட்டவும். குழுவின் நிலையைப் புதுப்பித்து, பழையதாகிப்போன பிரதியை ரீசிங்க் செய்ய வைக்கும் கட்டளை அது. டிஸ்க் மேனேஜ்மென்டில் வால்யூமை வலது கிளிக் செய்து ‘ரீஆக்டிவேட் வால்யூம்’ அல்லது ‘ரீசிங்க்ரனைஸ் மிரர்’ கொடுப்பதும் இதே வேலைக்குத்தான். ‘ரிப்பேர்’ என்று ஒரு கட்டளை கண்ணில் படும். அது ரெய்டு-5 வால்யூமுக்கானது, மிரருக்கு உதவாது.

டிஸ்கை மாற்ற வேண்டியிருந்தால்

போன டிஸ்கின் நினைவை முதலில் குழுவிலிருந்து நீக்க வேண்டும். ‘செலக்ட் வால்யூம் 2’, ‘பிரேக் டிஸ்க்=எம்0 நோகீப்’. அந்த டிஸ்கில் வேறு மிரர்களும் இருந்தால் ஒவ்வொரு வால்யூமுக்கும் இதையே செய்யவும். பிறகு ‘செலக்ட் டிஸ்க் எம்0’, ‘டெலீட் டிஸ்க்’. ஒரு வால்யூமாவது அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் டெலீட் மறுக்கப்படும். ‘நோகீப்’ சேர்த்தால் குறிப்பிட்ட டிஸ்கில் இருக்கும் பிரதி அழிக்கப்படும். சேர்க்காவிட்டால் இரண்டும் தனித்தனி வால்யூமாக மிஞ்சும். டிஸ்க் மேனேஜ்மென்ட் மெனுவில் ‘ரிமூவ் மிரர்’, ‘பிரேக் மிரர்டு வால்யூம்’ இரண்டுக்கும் இடையே இருப்பதும் இதே வேறுபாடு. பெயரில் என்ன இருக்கிறது என்று அவசரத்தில் ‘ரிமூவ்’ அழுத்தி, தவறான டிஸ்கைத் தேர்ந்தால் நல்ல பிரதி காலியிடமாகிவிடும்.

இனி புதிய டிஸ்க். சீரியலைப் பார்த்து எண்ணை உறுதிசெய்து, ‘செலக்ட் டிஸ்க் 1’. பழைய பார்ட்டிஷன் ஏதும் இருந்தால் ‘கிளீன்’. பழைய டிஸ்க் ஜிபிடி என்றால் ‘கன்வெர்ட் ஜிபிடி’. பிறகு ‘கன்வெர்ட் டைனமிக்’. கடைசியாக ‘செலக்ட் வால்யூம் 2’, ‘ஆட் டிஸ்க்=1’. ரீசிங்க் அங்கேயே தொடங்கிவிடும். இயங்குதளம் இருக்கும் மிரர் என்றால் இதற்கு முன் ஒரு படி இருக்கிறது. அடுத்த பகுதியைப் படித்த பிறகு தொடங்குங்கள்.

‘ஆட் மிரர்’ மங்கலாக நின்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று அளவு: ‘1 டிபி’ என்று பெட்டியில் ஒரே எண் போட்டிருந்தாலும் வேறு நிறுவன டிஸ்கில் சில எம்பி குறையலாம், பழைய வால்யூம் டிஸ்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தால் புதியதில் அடங்காது. நல்ல பிரதியில் வால்யூமைச் சிலநூறு எம்பி ‘ஷ்ரிங்க்’ செய்து சுருக்கினால் தீரும். இன்னொன்று செக்டர். பழைய டிஸ்க் 512 பைட் செக்டர், புதியது 4096 என்றால் ‘எல்லா டிஸ்கும் ஒரே செக்டர் அளவில் இருக்க வேண்டும்’ என்ற பொருளில் பிழை வரும். ‘எஃப்எஸ்யூட்டில் எஃப்எஸ்இன்ஃபோ செக்டர்இன்ஃபோ டி:’ கட்டளை லாஜிக்கல், ஃபிசிக்கல் இரண்டு அளவையும் காட்டும். இதற்கு மென்பொருள் வைத்தியம் கிடையாது. வாங்குவதற்கு முன் பார்த்து, ஒத்த டிஸ்கை வாங்க வேண்டும்.

பூட் மிரர்: அப்கிரேடு தொடாத பார்ட்டிஷன்

இயங்குதளம் இருக்கும் சி டிரைவ் மிரர் ஆகியிருந்தாலும், யூஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்துக்கு வந்த ஃபர்ம்வேர்) சர்வரில், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் மிரர் ஆவதில்லை. அது இரண்டு டிஸ்கிலும் தனித்தனியாகக் கையால் உருவாக்கப்பட்ட ஒன்று. அப்கிரேடு முதல் டிஸ்கில் இருக்கும் பூட் கோப்புகளை மட்டும் புதுப்பிக்கும்; இரண்டாம் டிஸ்கில் பழைய பதிப்பின் கோப்புகளே கிடக்கும். முதல் டிஸ்க் சாகும் நாள் வரை இது தெரியாது.

சரிசெய்ய: டிஸ்க்பார்டில் இரண்டாம் டிஸ்கைத் தேர்ந்து, ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’ பார்த்து, ‘சிஸ்டம்’ வகைப் பார்ட்டிஷனைத் தேர்ந்து, ‘அசைன் லெட்டர்=எஸ்’. வெளியே வந்து ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ’. முடிந்ததும் மறுபடி டிஸ்க்பார்டில் அதே பார்ட்டிஷனைத் தேர்ந்து ‘ரிமூவ் லெட்டர்=எஸ்’. /எஸ் கொடுத்து ஓட்டும்போது மதர்போர்டின் நினைவகத்தில் பூட் பெயர் பதிவாகாது. ஃபர்ம்வேர் அந்த டிஸ்கின் இயல்பான பூட் கோப்பைத்தான் தேடிப் போகும். எனவே பூட் மெனுவில் இரண்டாம் டிஸ்கைக் கையால் தேர்ந்து ஒரு தடவை எழுப்பிப் பார்க்கவும்.

புதிய டிஸ்கை மாட்டுகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம்: ‘கன்வெர்ட் ஜிபிடி’, பிறகு பழைய டிஸ்கில் இருக்கும் அதே அளவில் ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ’, ‘கிரியேட் பார்ட்டிஷன் எம்எஸ்ஆர்’, இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபேட்32-இல் ஃபார்மட், அதன் பிறகுதான் ‘கன்வெர்ட் டைனமிக்’. டைனமிக் ஆக்கிய பிறகு இடம் தேடினால் கிடைக்காது. எம்பிஆர் சர்வரில் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ ஒரு தனி வால்யூம். சி-யை மிரர் செய்தவர்கள் அதை மறப்பது வழக்கம். அதையும் தனியாக மிரரில் சேர்க்கவும்.

டிரைவ் எழுத்தும் ஷேரும்

வால்யூம் நலமாகியும் ஷேர்கள் வராவிட்டால் முதலில் டிரைவ் எழுத்து மாறிவிட்டதா பாருங்கள். எழுத்து சரியென்றால், சர்வர் எழும்பிய நேரத்தில் வால்யூம் ஆஃப்லைனில் இருந்திருக்கும். லாகில் 2511 என்ற எண்ணோடு, ஃபோல்டர் இல்லாததால் ஷேரை உருவாக்க முடியவில்லை என்று பதிவாகியிருக்கும். அந்தச் செய்தியே ஷேரை அழிக்கும் கட்டளையையும் எடுத்துக்கொடுக்கும். அதைக் கேட்டு அழித்துவிட வேண்டாம். ‘சர்வர்’ என்ற சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் ஷேர்கள் பழைய அனுமதிகளோடு திரும்பிவிடும்.

ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் மிரர் என்றால்

ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்பது டிஸ்குகளை ‘பூல்’ என்ற ஒரே தொகுப்பாக்கி, அதிலிருந்து விர்ச்சுவல் டிஸ்குகளை வெட்டித் தரும் விண்டோஸ் ஏற்பாடு. டைனமிக் டிஸ்க் கட்டளைகள் எதுவும் இங்கே செல்லாது. ‘கெட்-விர்ச்சுவல்டிஸ்க்’ கட்டளையில் ‘டீடாச்டு’ என்று வந்தால் ‘கனெக்ட்-விர்ச்சுவல்டிஸ்க்’. பூல் ரீட்ஒன்லி என்றால் ‘செட்-ஸ்டோரேஜ்பூல்’ கொண்டு அந்தத் தடையை நீக்கவும். பிறகு ‘ரிப்பேர்-விர்ச்சுவல்டிஸ்க்’, முன்னேற்றத்தை ‘கெட்-ஸ்டோரேஜ்ஜாப்’ காட்டும். ‘அப்டேட்-ஸ்டோரேஜ்பூல்’ மட்டும் கடைசி வரை தள்ளிப்போடுங்கள். அது பூலின் பதிப்பை உயர்த்திவிடும், திரும்பி வர வழியில்லை, பழைய விண்டோஸ் அந்தப் பூலை ஏற்காது. ரீஎஃப்எஸ் (என்டிஎஃப்எஸ் போல இன்னொரு கோப்பு அமைப்பு) வால்யூமோ இன்னும் மோசம்: புதிய விண்டோஸில் ஒரு தடவை மவுன்ட் ஆனாலே பதிப்பு தானாக உயர்ந்துவிடும். பழையதற்குத் திரும்பும் திட்டம் இருந்தால் அந்த டிஸ்குகளை அப்கிரேடு முடிந்து உறுதியாகும் வரை கழற்றி வைப்பதே வழி.

ரீசிங்க் முடிந்த பின்

‘லிஸ்ட் வால்யூம்’ எல்லா மிரரையும் ‘ஹெல்தி’ என்று காட்ட வேண்டும். ‘சிஎச்கேடிஎஸ்கே டி:’ கட்டளையை எந்தச் சுவிட்சும் இல்லாமல், அதாவது படிக்க மட்டும், ஓட்டிப் பாருங்கள். கோப்பு அமைப்பில் இருக்கும் கோளாறு மிரரில் இரண்டு பக்கமும் ஒரேபோலத்தான் இருக்கும். ரீசிங்க் அதைக் குணமாக்காது.

விண்டோஸ் தானாக மின்னஞ்சல் அனுப்பி மிரர் உடைந்ததைச் சொல்லப் போவதில்லை. ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ‘லிஸ்ட் வால்யூம்’ என்று ஒரே வரி எழுதி, டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் காலை 7 மணிக்கு ‘டிஸ்க்பார்ட் /எஸ்’ கொண்டு அதை ஓட்டி, வெளியீட்டில் ‘ஃபெயில்டு’, ‘ரிஸ்க்’ என்ற சொற்களை ‘ஃபைண்ட்எஸ்டிஆர்’ கொண்டு தேட வைக்கவும். அகப்பட்டால் ஈவென்ட் லாகில் ஒரு பிழையாக எழுதும்படி ‘ஈவென்ட்கிரியேட்’ சேர்த்தால், ஏற்கெனவே லாகைக் கவனிக்கும் மென்பொருள் எதுவானாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். காணாமல் போன டிஸ்கைப் பிடிக்க ‘லிஸ்ட் டிஸ்க்’ வரியையும் சேர்த்து ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லையும் தேடச் சொல்லுங்கள்.